விமானத்துக்குள் ஒரு மாடிப்படி

சேசு மரி சூசை துணை

பம்பாய் விமான நிலையம்,
6.5.1973, இரவு.

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் சின்ன மகள் இசபெல்லா பம்பாயிலிருந்து, கை நடுங்க நடுங்க, ஆனால் சந்தோஷமாக எழுதிக்கொள்வது. கை நடுங்குவது குளிரால். மே மாதத்தில், அறைக்குள் இயந்திரம் வைத்துக் குளிரப் பண்ணுகிறார்கள் என்றால் நீ நம்பமாட்டாய். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் என் தோத்திரம் சொல். ராஜமேரி அண்ணி, அம்மாவுக்கு இதை நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டுங்கள். நடுவில் அம்மா கேள்வி கேட்பாள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ரயிலில் நன்றாகத் தூங்கினேன். நீ கட்டிக்கொடுத்த புளிச்சோறு பம்பாய் வரைக்கும் கெடவில்லை. சித்தப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "ஜெர்மனில இருவது மார்க் குடுத்தாலும் இது கெடைக்காது" என்றார். சின்னம்மா என்னை ஜன்னல் ஓரத்தை விட்டு நகரவே விடவில்லை. தலை பின்னிவிட்டாள், முகம் துடைத்துவிட்டாள், நான் தூங்கும்போது தன் சேலையை எடுத்துப் போர்த்திவிட்டாள்.

விமானம் தாமதமாம். நடு இரவுக்கு மேல்தான் கிளம்புமாம். கீழே பெரிய கூடத்தில் சனங்கள் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். நாங்களும் அப்படித்தான் உட்கார்ந்தோம். அப்போது கோட்டுப் போட்ட ஒருவர் "சிஸ்டர்! தெரசா சிஸ்டர்!" என்று ஓடி வந்தார். சின்னம்மா ஜெர்மனிக்குப் போகும் முன் பம்பாய் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தாள் அல்லவா, அப்போது இவருடைய தாயாரை மூன்று மாதம் பார்த்துக்கொண்டாளாம். இவர் இப்போது இங்கே அதிகாரி. "நீங்கள் பெட்டி மேல் உட்காருவதா" என்று எங்களை மாடிக்குக் கூட்டி வந்து இந்த அறையில் விட்டுவிட்டார். இதற்கு லவுஞ்ச் என்று பெயர். பெரிய டிக்கெட் வாங்கினவர்கள் மட்டும் வரும் இடமாம்.

அம்மா, இது காத்திருப்பதற்கென்றே கட்டிய அறை. தருமபுரி பஸ்ஸுக்கு நாம் வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்போமே, அந்தக் காரியத்துக்குத்தான் இவர்கள் இவ்வளவும் செய்து வைத்திருக்கிறார்கள். தரையெல்லாம் கம்பளம். கால் வைத்தால் புதிதாக உழுத மண் மாதிரி உள்ளே போகிறது. நான் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டேன். அங்கே நின்ற தலைப்பாகைக்காரர் அதை எடுத்துக்கொண்டு வந்து என் காலடியில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சோபாவில் உட்கார்ந்தால் இடுப்பு வரைக்கும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. எழுந்திருக்கத் தனியாக ஒரு யோசனை பண்ண வேண்டும். சித்தப்பா இரண்டு முறை முயற்சி செய்துவிட்டு அப்படியே தூங்கிவிட்டார். ஒரு தட்டு நிறைய வறுத்த முந்திரி வைத்திருக்கிறார்கள். தின்னத் தின்ன ஒரு பையன் வந்து நிரப்பிவிட்டுப் போகிறான், கணக்கே கேட்பதில்லை. ஆரஞ்சுச் சாறு கொடுத்தார்கள். கண்ணாடித் தம்ளருக்கு வெளியே வியர்த்திருந்தது. சர்க்கரையைக் கட்டி கட்டியாக வெட்டிக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறார்கள். அண்ணன் குழந்தைக்கு என்று நான்கு கட்டி எடுத்துப் பாவாடை நாடாவில் முடிந்து வைத்திருக்கிறேன். கேட்காமல் எடுத்தது பாவமா என்று சாமியாரைக் கேட்டு எழுது.

ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தால் விமானங்கள் விளக்கு வெளிச்சத்தில் வரிசையாக நிற்கின்றன, சந்தை நாளில் மாடு கட்டினமாதிரி. நடுவில் ஒன்று நிற்கிறது பார், அதுதான் எங்களுடையது. ஜம்போ என்கிறார்கள். அதன் வால் மட்டும் நம் கோயில் மணிக்கூண்டை விட உயரம் இருக்கும். அதன் கீழே நடந்த ஆட்கள் எறும்பு போலத் தெரிந்தார்கள். இது எப்படி எழும்பும் என்று எனக்குப் புரியவில்லை. சின்னம்மாவிடம் கேட்டேன். "எழும்பும், எழும்பும். எத்தன வாட்டி நான் வந்திருக்கறேன்" என்றாள். நான் விடவில்லை, "எப்படி எழும்பும்?" என்றேன். "எனக்கு மட்டும் தெரியுமா புள்ள? கண்ண மூடிக்குவேன்" என்றாள்.

எழுதுவதற்கு ஒரு மேசை இருக்கிறது. தாள், கவர் எல்லாம் இவர்களே தருகிறார்கள். எழுதித் தலைப்பாகைக்காரரிடம் கொடுத்தால் தபால் தலையும் அவர்களே ஒட்டிப் போட்டுவிடுவார்களாம். தாள் எவ்வளவு வழுவழுப்பு என்று தொட்டுப் பார். அதனால்தான் இவ்வளவு எழுதினேன்.

ஜூன் மாதம் அங்கிருந்து லீவில் வரும் மடத்துச் சிஸ்டரோடு நான் திரும்பி வரும்போது எல்லாவற்றையும் நேரில் சொல்கிறேன். சின்னம்மா கூப்பிடுகிறாள், சற்றுப் படுத்துக்கொள்ளச் சொல்லி.

உன் முத்தங்களை எதிர்பார்க்கும்,
இசபெல்லா

*

அதே இடம், அதே இரவு.

அம்மா,

மேலே உள்ள கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லை. இந்தத் தாளையும் அதே கவரில் வைக்கிறேன். இது ரகசியம். அண்ணி, தயவுசெய்து இதை அம்மாவுக்கு மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு படியுங்கள்.

நான் சோபாவில் படுத்துக் கண்ணை மூடியிருந்தேன். தூங்கவில்லை. சின்னம்மாவும் சித்தப்பாவும் பேசினார்கள்.

"ஏன் தெரசா, அக்காகிட்ட சொல்லிட்டியா இல்லியா?" என்றார் சித்தப்பா.

"என்னத்த சொல்றது?"

"ஜூன்ல அனுப்பப் போறதில்லன்னு."

"சொன்னா விடுவாங்களா? அங்க போயி ஸ்கூல்ல சேத்துட்டு எழுதிக்கலாம். நல்லா படிக்கற புள்ள. ஊர்ல இருந்தா இன்னும் ஒரு வருசத்துல கட்டிக் குடுத்துருவாங்க."

"அடுத்தவங்க புள்ளய சொல்லாம கூட்டிக்கிட்டு போறது..."

"யாரு அடுத்தவங்க? எனக்கு வித்த புள்ளதான அவ? நான் தவுடு குடுத்து வாங்குனேன். ஊரே பாத்துது."

பிறகு சின்னம்மா என் கால்மாட்டில் வந்து உட்கார்ந்து பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நான் மூச்சைக் கூட மாற்றவில்லை.

அம்மா, அண்ணனுக்கு அடுத்து, எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பேரும் தொட்டிலிலேயே போனதால் நான் பிறந்ததும் என்னை முறத்தில் கிடத்தி, சின்னம்மாவிடம் ஒரு படி தவிடு வாங்கிக்கொண்டு அவளுக்கு விற்றாய் என்பது எனக்குத் தெரியும். அதனால்தானே ஊரில் பாதிப்பேர் என்னை இன்னும் 'தவுடு' என்று கூப்பிடுகிறார்கள். அது சும்மா செய்கிற சாங்கியம், பிழைப்பதற்காகச் செய்கிற விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். சின்னம்மாவுக்குக் குழந்தை இல்லை. ஒருவேளை நீ நிஜமாகவே கொடுத்துவிட்டாயா? எனக்குத் தெரியாமல் பேசி முடித்துவிட்டீர்களா? பஸ் ஏறும்போது நீ அழவில்லையே, அது ஏன்?

எனக்குப் பயமாக இருக்கிறது. சின்னம்மாவைக் கேட்க முடியாது. கேட்டால் அவள் அழுவாள். அவள் அழுதால் நான் சரி என்று சொல்லிவிடுவேன்.

நீ பதில் எழுதினால் அதைச் சின்னம்மாதான் முதலில் பிரிப்பாள். அதனால் நேராக எழுதாதே. என்னைக் கொடுத்துவிட்டது உண்மை என்றால், 'செவலைப் பசு கன்று போட்டது' என்று எழுது. கொடுக்கவில்லை என்றால், 'இன்னும் போடவில்லை' என்று எழுது. நான் புரிந்துகொள்வேன்.

தலைப்பாகைக்காரர் கையில் கொடுக்கிறேன். அவர் முகம் நல்ல முகம்.

இசபெல்லா

*

விமானத்தில், வானத்தில்.
7.5.1973. இன்னும் விடியவில்லை.

அன்புள்ள அம்மா,

நான் இப்போது எந்த ஊருக்கு மேலே இருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அதனால் ஊர்ப்பெயர் போடவில்லை. சின்னம்மா தூங்குகிறாள். எல்லோரும் தூங்குகிறார்கள். என் தலைக்கு மேல் மட்டும் ஒரு சின்ன விளக்கு. பொத்தானை அமுக்கினால் அது என் தாள் மேல் மட்டும் விழுகிறது, பக்கத்து ஆள் மேல் படுவதில்லை. இந்த வெளிச்சத்தில், சின்னம்மா போர்த்திவிட்ட சேலைக்குள் தாளை மறைத்து மறைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் எழுத முடியவில்லை.

விமானத்துக்குப் போகும் வாசலில் உடுப்புப் போட்ட ஒருவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். என் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில், "விடுமுறைக்கா போகிறாய், பாப்பா?" என்று கேட்டார். அவ்வளவு ஆங்கிலம் எனக்குப் புரியும். 'இல்லை' என்று சொல்லவும் தெரியும். சின்னம்மா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் விரல் அப்படியே கல்லாகிவிட்டது. அப்போது நான் கத்தியிருக்கலாம். அழுதிருந்தாலே போதும், அவர் நிறுத்தியிருப்பார்.

நான் 'எஸ்' என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று மேலே வந்த பிறகும் யோசிக்கிறேன். அம்மா, எனக்கு அதற்குள் ஏறிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அது எழும்புவதைப் பார்க்காமல் வீட்டுக்குத் திரும்ப மனம் வரவில்லை. உன்னை விட்டுப் போகிறோம் என்று தெரிந்தும், அந்த நேரத்தில் என் காலெல்லாம் அந்தப் பக்கமே இழுத்தது. இதற்கு நீ என்னை என்ன சொன்னாலும் சரி.

பஸ்ஸில் ஏற்றி விமானத்தடியில் கொண்டுபோய் இறக்கினார்கள். நல்ல இருட்டிலும் தரை சூடாக இருந்தது. மண்ணெண்ணெய் நாற்றமும் அனல் காற்றும். இறக்கைக்குக் கீழே தொங்கும் இயந்திரத்தின் வாய்க்குள் நம் செவலைப் பசு நின்று திரும்பலாம், அவ்வளவு பெரிது. அண்ணாந்து பார்த்தேன். மேலே வரைக்கும் வரிசையாக ஜன்னல். ஒவ்வொன்றிலும் மஞ்சள் வெளிச்சம். கிறிஸ்மஸ் குடிலுக்குள் விளக்கு ஏற்றி வைத்தது போல, ஆனால் ஊரளவு குடில். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சின்னம்மா பார்த்துவிட்டு, "பயமா?" என்றாள். ஆமாம் என்றேன். எதற்குப் பயம் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உள்ளே ஆலயம் போல நீளம். இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடியில் இருப்பவர் முகம் தெரியாது. நம் பங்கு சனம் எல்லோரும் ஆட்டுக்குட்டியோடு வந்தாலும் உட்காரலாம். பட்டுச்சேலை கட்டிய பெண்கள் தட்டில் மிட்டாயோடு வருகிறார்கள். ஒவ்வொருத்தியும் கல்யாணப்பெண் மாதிரி. முன்பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். அங்கே ஒரு மாடிப்படி! சுருள் சுருளாக மேலே போகிறது. விமானத்துக்குள்ளேயே மாடி இருக்கிறது, அம்மா. மேலே பெரிய டிக்கெட்காரர்கள் உட்கார்ந்து பேச, கீழே பார்த்த லவுஞ்ச் போலவே ஒன்று உண்டாம். நான் முதல் படியில் ஒரு கால் மட்டும் வைத்தேன். ஒரு பட்டுச்சேலை அக்கா வந்து, திட்டாமல், என் தோளைப் பிடித்துத் திருப்பி விட்டாள். ஆனால் கால் வைத்தேன். அதை யாரும் எடுக்க முடியாது.

எழும்பினதைச் சொல்கிறேன். முதலில் மெதுவாகத்தான் உருண்டது, நம் மாட்டு வண்டி ஏரிக்கரையில் திரும்புகிறமாதிரி. பிறகு ஒரு மூலையில் போய் நின்றது. நின்று, மூச்சை இழுத்தது. அப்புறம் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! முதுகை யாரோ பிடித்து நாற்காலியோடு அழுத்தினார்கள். மேலே பெட்டி வைக்கும் இடமெல்லாம் கடகடவென்று ஆடியது. அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தேன், பாதிக்கு மேல் மறந்துபோனது. திடீரென்று அந்தச் சத்தமெல்லாம் கீழே கழன்று விழுந்தது போல இருந்தது. ஆட்டம் நின்றுவிட்டது. வயிறு மட்டும் தரையிலேயே இருந்தது, நான் மேலே வந்துவிட்டேன். காது அடைத்துக்கொண்டது. யாரைக் கண்டு பயந்தேனோ அவள் மடியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டேன். சின்னம்மா என் முதுகைத் தட்டிக்கொண்டே, "அவ்வளவுதான் கண்ணு, அவ்வளவுதான், கண்ணத் தொற" என்றாள். நிமிர்ந்து பார்த்தால் அவள் கண் இறுக மூடியிருந்தது.

ஜன்னலில் பம்பாய் முழுக்கக் கீழே கிடந்தது. திருவிழாவில் தேர் போன பிறகு மெழுகுவத்திகளை அப்படியே வைத்துவிட்டுப் போனது போல, கண்ணுக்கு எட்டின மட்டும் விளக்கு. பிறகு ஒரு கோடு போட்டதுபோல விளக்கெல்லாம் நின்றது. அதற்கு அப்பால் வெறும் கறுப்பு. "கடல்" என்றார் சித்தப்பா. கடலை நான் முதல்முதல் பார்த்தது மேலிருந்துதான்.

இப்போது நிலா இருக்கிறது. மேகம் கீழே இருக்கிறது. மேகத்துக்கு மேல் பக்கம் ஒன்று உண்டு என்று நான் நினைத்ததே இல்லை. நெல் அவிக்கும்போது எழும்புகிற ஆவியை அப்படியே அசையாமல் நிறுத்தி வைத்தால் எப்படி இருக்கும், அது போல. இத்தனை நாளும் இது இப்படித்தான் இருந்திருக்கிறது, பார்க்கத்தான் யாரும் இல்லை. விடிய வேண்டிய நேரம் எப்போதோ ஆகிவிட்டது. ஆனால் விடியவில்லை. நாங்கள் இருட்டு போகும் பக்கமே போகிறோமாம், அதனால் இரவு கூடவே வருகிறதாம். சித்தப்பா சொன்னார்.

இவ்வளவு அழகைப் பார்த்துக்கொண்டே இவ்வளவு பயமாக இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. சாப்பாடு வந்தபோது சின்னம்மா ரொட்டியைப் பிய்த்து வெண்ணெய் தடவிக் கொடுத்தாள். அவள் நல்லவள், அம்மா. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

இறங்கின இடத்தில் யாரிடமாவது கொடுத்துத் தபாலில் போடச் சொல்வேன். பசு விஷயத்தை மறக்காதே.

உன்,
இசபெல்லா

*

பாப்பாரப்பட்டி,
20.5.1973

பிரியமுள்ள இசபெல்லாவுக்கும், தெரசா சின்னம்மாவுக்கும், அத்தை ராயம்மாள் சொல்லச் சொல்ல மருமகள் ராஜமேரி எழுதுவது. அத்தை பேசுவதை அப்படியே எழுத வேண்டுமாம். திருத்தினால் "படிச்சிக் காட்டு" என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆகையால் இனி அவர்கள் வாய்.

ஏ புள்ள, நீ எழுதுனது ரெண்டும் வந்துது. மொதல்ல வந்தது வந்தப்ப ராஜமேரி பொறந்த வூட்டுக்குப் போயிருந்தா. நான் களத்துல மல்லாக்கொட்ட காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். தபால்கார முனிராஜுகிட்டயே படிடான்னேன். அவன் நல்லா ராகம் போட்டுப் படிச்சான். கம்பளம், முந்திரி எல்லாத்துக்கும் சனம் வாயப் பொளந்துக்கிட்டு கேட்டுது. 'ரகசியம், கதவச் சாத்திக்கிட்டு படியுங்க'ன்னு வந்துது பாரு, அதயும் அதே ராகத்துல படிச்சிட்டான். களத்துக்கு ஏது கதவு? அப்பறம் நிறுத்துறதுக்கு சனம் விடல. அதனால உன் ரகசியம் இப்ப காசியம்மாளுக்குத் தெரியும், செல்லிக்குத் தெரியும், டீக்கட வரைக்கும் தெரியும். நீ ரகசியமா எழுதாத. நம்ம வூட்டுக்கு அது ஒத்து வராது.

உங்கப்பன் தந்தி அடிக்கறேன்னு சட்டயப் போட்டுக்கிட்டு கெளம்பிட்டாரு. யாருக்கு அடிப்பீங்க, ஆகாசத்துக்கான்னேன். சட்டயக் கழட்டிட்டு ஒக்காந்துட்டாரு. அன்னிக்கு ராத்திரி சாப்புடல. (சாயங்காலமே நான் திரும்பி வந்துவிட்டேன், அத்தையும் சாப்பிடவில்லை. அதை எழுதாதே என்கிறார்கள். நான் எழுதுகிறேன். - ராஜமேரி.)

பசு இன்னும் செனையே ஆகல. அதப்பத்தி நான் எதுக்குப் பொய் சொல்லணும்? நேராவே சொல்றேன். ஒன்ன நான் யாருக்கும் குடுக்கல. பஸ்ஸு ஏறும்போது அழுவலன்னு கேட்டிருக்க. ஊருக்குப் போற புள்ள முன்னால கண்ணீர் உட்டா ஆவாது. பஸ்ஸு திரும்புன பின்னால அழுதேன். சாட்சி வேணும்னா காசியம்மாளக் கேளு.

தெரசா, நீதான் மொதல்ல பிரிச்சிருப்ப. நல்லதாப் போச்சு, படி. தவுட்டுக்கு வித்தது சாவுக்குக் காட்டறதுக்கு. ரெண்ட எடுத்துக்கிட்டு போனது மூணாவதுக்கும் வந்து வாசல்ல நின்னா, 'இது ராயம்மா புள்ள இல்ல, வேற எடத்துப் புள்ள'ன்னு சொல்லி அனுப்பறதுக்கு. நீ அப்ப பாவாட கட்டிக்கிட்டு இருந்த. தவுட்ட மடியில கட்டிக்கிட்டு ஓடியாந்து, 'அக்கா நான் வாங்கிக்கறேன்'ன்னு நின்ன. நீ வாங்குனதாலதான் அவ பொழச்சா. அத நான் மறந்துட்டேன்னு நெனச்சியா? ஆனா சாவ ஏமாத்துறதுக்கு சொன்ன பொய்ய எங்கிட்டயே கொண்டாந்து நீட்டுறியே தங்கச்சி.

நீ கேட்டிருக்கலாம். இல்லன்னு சொல்லியிருப்பேனோ, சரின்னு சொல்லியிருப்பேனோ, எனக்கே தெரியாது. ரெண்டு நாளு சண்ட போட்டிருப்போம். கேக்காம போனதுதான் நெஞ்சுல குத்திக்கிட்டு நிக்குது. உனக்குப் புள்ள இல்லாத வருத்தம் எனக்கு இல்லையா? ஒவ்வொரு சனிக்கெழமையும் மாதா முன்னால யாருக்காக மெழுகுவத்தி ஏத்துறேன்னு நெனச்ச?

இசபெல்லா, நீ கத்தலன்னு எழுதியிருக்க. அதப் படிச்சப்ப ராஜமேரி அழுதா. நான் அழுவல. அவ்ளோ பெரிய கப்பல் ஆகாசத்துல ஏறப் போவுது, ஏறுன்னு சொல்றாங்க, எந்தப் புள்ளதான் எறங்கி ஓடும்? நானா இருந்தாலும் கத்தியிருக்க மாட்டேன். மாடிப்படியில ரெண்டாவது படியிலயும் கால வெச்சிருப்பேன். அதுக்காக நீ ஒன்ன நீயே தின்னுக்காத. சர்க்கர கட்டிக்கும் பாவம் கெடையாதுன்னு சாமியாரு சொல்லிட்டாரு, ஆனா சிரிச்சாரு.

ஜூன் மாசம் சிஸ்டரோட வா. வரலன்னா, வரலன்னு உன் வாயால சொல்லு. உங்க சின்னம்மா வாயால சொல்லக் கூடாது. நீ சொன்னா நான் கேட்டுக்குவேன். எப்புடிக் கேட்டுக்குவேன்னு இப்பவே சொல்ல முடியாது.

அந்த ஜன்னலத் தொறந்து கைய வெளிய நீட்டுனா மேகம் ஈரமா இருக்குமா? அத எழுதல நீ.

இப்படிக்கு,
ராயம்மாள் (கைநாட்டு)

*

ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையம்,
9.6.1973, நல்ல பகல்.

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து நிற்பேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் எழுதுகிறேன், ஏன் என்று கடைசியில் தெரியும். இதை ஒளித்து எழுதவில்லை. பக்கத்தில் சின்னம்மா உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பக்கம் சிஸ்டர், ஜெபமாலையோடு. என்ன எழுதினாலும் எட்டிப் பார்ப்பதில்லை என்று சின்னம்மா சொல்லியிருக்கிறாள். இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள்.

ஜன்னல் திறக்காது, அம்மா. இரண்டு கண்ணாடி. நடுவில் பனி மட்டும் பூப்பூவாகப் பிடித்திருந்தது.

உன் கடிதம் வந்த அன்று சின்னம்மா அதை வாசலில் நின்றபடியே படித்தாள். படித்துவிட்டு என்னிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். பாத்திரம் எதுவும் இல்லை, தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கென்று ஒரு அறை போட்டு வைத்திருந்தாள், பூப்போட்ட விரிப்பு, புதுப் பள்ளிக்கூடப் பை எல்லாம். அந்தக் கதவை அன்று சாத்திவிட்டாள். சித்தப்பா, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். "நீங்க சும்மா இருங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து களி கிண்டினாள். நீ கொடுத்தனுப்பிய ராகி மாவு. என் எதிரே உட்கார்ந்து, "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். அதற்கு முன் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

"ரெண்டும் வேணும் சின்னம்மா. இங்கயும் பாக்கணும். ஆனா மொதல்ல வூட்டுக்குப் போவணும்" என்றேன். அவள் ரொம்ப நேரம் களியையே உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, சிஸ்டருக்குப் போன் போடறேன்" என்று எழுந்தாள். அன்று இரவு என் அறையில், தரையில் பாய் போட்டு அவளும் படுத்தாள். சின்ன வயதில் நீங்கள் இரண்டு பேரும் ஒரே போர்வைக்குச் சண்டை போட்ட கதையெல்லாம் சொன்னாள்.

இந்த விமான நிலையம் பம்பாயை விடப் பெரிது. படிக்கட்டே தானாக மேலே போகிறது, நாம் நின்றால் போதும். நான் நான்கு முறை ஏறி இறங்கினேன். சிஸ்டர் ஒரு முறை ஏறிவிட்டுப் போதும் என்று உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கு இங்கே லவுஞ்ச் கிடையாது, நீளமான பெஞ்சுதான். ஆனால் கண்ணாடிச் சுவர் இருக்கிறது. வெயிலில் விமானங்கள் ஒவ்வொன்றாக எழும்புவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எத்தனை பார்த்தாலும் ஒவ்வொன்றும் ஓடிப் போய்த் தரையை விடுகிற அந்த இடத்தில் என் மூச்சு நின்று போகிறது. சின்னம்மா இன்று கண்ணை மூடவில்லை. என்னோடு சேர்ந்து பார்த்தாள்.

சற்று முன்னால், "அடுத்த லீவுக்கு வருவியா புள்ள?" என்று கேட்டாள். வருகிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. பம்பாயில் அந்த உடுப்புக்காரரிடம் 'எஸ்' என்று சொன்ன அதே வாய். அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, "அம்மாவக் கேக்கணும் சின்னம்மா" என்றேன்.

சின்னம்மா சிரித்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். உனக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்று நாலு நாளாகத் தாளை எடுத்து எடுத்து வைத்திருக்கிறாளாம், எழுத்து வரவில்லையாம். "உன் கடுதாசியில கொஞ்சம் எடம் உடு. நானும் கேக்கறேன்" என்று இப்போது பேனாவை வாங்குகிறாள்.

கூப்பிடுகிறார்கள், அம்மா. வருகிறேன்.

உன் மகள்,
இசபெல்லா

அக்கா, அடுத்த கோடைக்குப் புள்ளைய ஒரு மாசம் எங்கிட்ட அனுப்புவியா? நானே வந்து கூட்டிக்கிட்டுப் போய், நானே கொண்டாந்து விடறேன்.
- தெரசா